ஆஸ்பத்திரி பில்லுக்கு அப்புறம் யார் காசு கொடுப்பது? முதியோர் பராமரிப்பு இன்சூரன்ஸின் கதை (நீண்ட இழை)

1/
போன மாசம் எங்கள் வார்டிலிருந்து ஒரு பெரியவரை டிஸ்சார்ஜ் செய்தோம். வயது 74, பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை, பி.பி. கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் வலது கை, கால் வரவில்லை. பேச்சு குழறுகிறது. மகன் கேட்டார்: "டாக்டர், ஆஸ்பத்திரி பில்லை இன்சூரன்ஸ் பார்த்துக்கிச்சு. இனிமே வீட்ல ரெண்டு ஷிஃப்ட்டுக்கு ஆள் போடணும். டயப்பர், கட்டில், பிசியோ எல்லாம் இருக்கு. அதுக்கும் இதுலயே வருமா?"

"வராதுங்க" என்றேன்.

"அசல் செலவே இனிமேதான டாக்டர் ஆரம்பிக்குது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

2/
இதே கேள்விக்கு அமெரிக்கா தனியார் இன்சூரன்ஸ் மூலமாகப் பதில் தேடிப் பார்த்தது. 40 வருஷத்துக்கும் மேலான கதை அது. அரசு எங்கே தலையிட்டது, எங்கே தாமதமாக வந்தது, எங்கே தப்பான பக்கம் காவல் காத்தது என்று எல்லாமே அதில் இருக்கு. கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுட்டு வாங்க.

3/
முதலில் ஒரு சொல் விளக்கம். நம்மூரில் 'நர்சிங் ஹோம்' என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. பிரசவம், அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் எல்லாம் நடக்கும். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. தானாகக் குளிக்க, உடுத்த, நடக்க முடியாதவர்கள் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் தங்கிப் பராமரிப்பு பெறும் இடம் அது. இந்த இழை முழுக்க அந்த அர்த்தத்தில்தான் படிக்கணும்.

4/
நர்சிங் ஹோம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் வயதாகி, ஆதரவில்லாமல், காசும் இல்லாமல் போனால் கடைசிப் புகலிடம் உள்ளூர் அரசு நடத்திய ஏழை விடுதி. மனநோயாளி, கண் தெரியாதவர், அநாதை, கிழவர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். அங்கே போய்ச் சேருவதை அவமானமாக நினைத்தார்கள்.

1935 இல் அதிபர் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழை முதியவர்களுக்கு உதவித்தொகை வந்தது. ஆனால் அரசு விடுதிகளில் இருப்பவர்களுக்கு அந்தத் தொகை கிடையாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஏழை விடுதிகள் ஒழியட்டும் என்பது நோக்கம்.

5/
நோக்கம் நல்லதுதான். விளைவு? கையில் மாசாமாசம் கொஞ்சம் காசு இருக்கும் முதியவர், ஆனால் பார்த்துக்க ஆள் இல்லை. அவரை வாடகைக்கு வைத்துப் பார்த்துக்கொள்ளத் தனியார் வீடுகள் கிளம்பின. சிலவற்றில் நர்ஸ் இருந்தார், பலவற்றில் இல்லை. இன்றைய நர்சிங் ஹோம் தொழிலின் வேர் இதுதான். 1950 சட்டத் திருத்தத்தில்தான், இப்படிப்பட்ட இடங்களுக்குத் தரம் நிர்ணயிக்க மாநிலங்களுக்கு ஓர் அமைப்பு வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. கிட்டத்தட்ட 15 வருஷம் கழித்து.

6/
அடுத்த திருப்பம் 1965 ஜூலை 30. அதிபர் ஜான்சன் மெடிகேர், மெடிக்கெய்டு இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்தார். இந்த இரண்டையும் அமெரிக்கர்களே குழப்பிக்கொள்வார்கள். சுருக்கமாக:

மெடிகேர்: முக்கியமாக 65 வயது தாண்டியவர்களுக்கான மருத்துவக் காப்பீடு. பணக்காரர், ஏழை வித்தியாசம் இல்லை.
மெடிக்கெய்டு: ஏழைகளுக்கானது. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து செலவு செய்யும்.

7/
மெடிகேர் இருக்கே, நர்சிங் ஹோம் செலவு வந்துவிடும் என்று நிறையப் பேர் நம்பினார்கள். இன்றும் நம்புகிறார்கள். உண்மை என்ன? அடிப்படை விதிப்படி குறைந்தது 3 நாள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்திருக்கணும். அதன்பின் நர்ஸோ தெரபிஸ்டோ செய்யவேண்டிய சிகிச்சை தேவைப்பட்டால் அதிகபட்சம் 100 நாள். அதிலும் முதல் 20 நாள்தான் முழுசாக. 21 ஆம் நாளிலிருந்து நோயாளியும் பங்கு போடணும்.

குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, துணைக்கு உட்காருவது மட்டும்தான் தேவை என்றால்? ஒரு நாள்கூடக் கிடையாது. அது 'சிகிச்சை' இல்லையாம்.

8/
அப்போ மெடிக்கெய்டு? அது நர்சிங் ஹோம் செலவைத் தரும். ஆனால் முதலில் நீங்கள் ஏழை ஆகணும். வீடு போன்ற சில விலக்குகள் போக, சேமிப்பையெல்லாம் கரைத்துப் பல மாநிலங்களில் 2,000 டாலர் அளவுக்குக் கீழே வந்த பிறகுதான் கதவு திறக்கும். வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த ஆசிரியர், தபால்காரர், கடைக்காரர் எல்லாரும் கடைசி ரெண்டு மூணு வருஷத்தில் எல்லாவற்றையும் இழந்து அரசு உதவிக்கு விண்ணப்பம் போட்டார்கள். வீட்டில் தனியாக இருக்கும் மனைவியும் சேர்ந்து ஓட்டாண்டி ஆனார். அப்படி ஆகாமல் வாழ்க்கைத்துணைக்குக் கொஞ்சம் சொத்தும் வருமானமும் விட்டுவைக்கும் விதி 1988 இல்தான் வந்தது.

9/
இந்த இடைவெளியைத்தான் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பார்த்தன. ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் கொஞ்சம் சேமிப்பு. நடுவில் ஒரு பாலிசி. 1970களில் தலைகாட்டி, 1980களில் சூடு பிடித்தது 'நர்சிங் ஹோம் இன்சூரன்ஸ்'.

ஆரம்பகால பாலிசிகள் பெரும்பாலும் மெடிகேரின் விதிகளையே பார்த்து எழுதப்பட்டவை. அதாவது, எந்த ஓட்டையை அடைக்க விற்றார்களோ அதே ஓட்டை பாலிசிக்குள்ளும் இருந்தது.

10/
ஒரு டாக்டராக இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வரும். மூணு உதாரணம்.

ஒன்று: '3 நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேராக நர்சிங் ஹோம் வந்தால்தான் பணம்'. யோசிச்சுப் பாருங்க. அல்சைமர் நோயாளி எப்படி நர்சிங் ஹோம் போவார்? அடுப்பை அணைக்க மறப்பார். ராத்திரி கதவைத் திறந்து வெளியே போவார். மனைவியை யாரென்று கேட்பார். வீட்டில் இனி முடியாது என்ற நாளில் கூட்டிப்போவார்கள். நடுவில் ஆஸ்பத்திரி எங்கே வந்தது? ஆக, நர்சிங் ஹோம் யாருக்கு ரொம்பத் தேவையோ அவரே அந்த நிபந்தனையில் விழுந்துவிடுவார்.

11/
இரண்டு: 'முதலில் நர்ஸ் செய்யும் சிகிச்சை தேவைப்பட்டிருக்கணும். அதுக்கப்புறம்தான் சாதாரணப் பராமரிப்புக்குப் பணம்'. முதுமையில் உடல் தளர்வது படிப்படியாகக் கீழே இறங்கும் விஷயம். இவர்கள் மேல்படியில் நின்றிருந்தால்தான் கீழ்ப்படிக்குக் காசு என்றார்கள்.

மூன்று: 'மனநோய், நரம்புக் கோளாறு சேராது'. சில பாலிசிகளில் உறுப்பில் கண்கூடாக நிரூபிக்கக்கூடிய நோயாக இருக்கணும் என்று போட்டிருக்கும். அல்சைமருக்கு மூளைத் திசுவை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி என்றிருந்த காலம் அது. பெரும்பாலும் இறந்த பிறகுதான் பார்க்க முடியும். க்ளெய்ம் போட ஆளே இருக்க மாட்டார்.

12/
இன்னொரு தந்திரமும் நடந்தது. பாலிசி விற்கும்போது உடல்நிலை பற்றிப் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். ஏஜென்ட் சிரிச்சுக்கிட்டே 'இல்லை, இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டு போவார். பல வருஷம் ப்ரீமியம் கட்டுவீர்கள். க்ளெய்ம் போட்ட அன்றைக்குத்தான் உங்கள் பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்டுவார்கள். "என்றோ தலைசுற்றல் என்று டாக்டரைப் பார்த்திருக்கிறீர்கள், சொல்லவில்லை" என்று பாலிசியை ரத்து செய்வார்கள். நம்மூர் மெடிக்ளெய்ம் சண்டை நினைவுக்கு வருதா? அதேதான்.

13/
சரி, இதையெல்லாம் கேட்க அரசு இல்லையா? இருந்தது. ஆனால் டெல்லியைப் போல ஒரே இடத்தில் இல்லை.

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் மாநிலங்களின் அதிகாரம். 1869 இல் உச்ச நீதிமன்றம் ஒரு வர்ஜீனியா வழக்கில், இன்சூரன்ஸ் பாலிசி என்பது மாநிலங்களுக்கு இடையிலான வணிகமே இல்லை, அதனால் மாநிலங்களே ஒழுங்குபடுத்தலாம் என்றது. 1944 இல் அதே நீதிமன்றம் 'இல்லை, அது வணிகம்தான்' என்று மாற்றிச் சொன்னது. பதறிப்போன நாடாளுமன்றம் 1945 இல் மெக்காரன்–ஃபெர்குசன் சட்டம் போட்டு அதிகாரத்தைத் திரும்ப மாநிலங்களிடமே கொடுத்துவிட்டது. இன்றுவரை அப்படித்தான். 50 மாநிலம், 50 கண்காணிப்பாளர்.

14/
இந்த 50 பேரும் கூடிப் பேச 1871 இலிருந்து ஒரு சங்கம் உண்டு. இப்போதைய பெயர் தேசிய இன்சூரன்ஸ் ஆணையர்கள் சங்கம். இது சட்டம் போட முடியாது. 'மாதிரிச் சட்டம்' எழுதித் தரும். எடுத்துக்கொள்வதும், வெட்டி ஒட்டுவதும், அலமாரியில் போடுவதும் அந்தந்த மாநிலத்தின் இஷ்டம்.

1986 இல் இந்தச் சங்கம் நீண்டகாலப் பராமரிப்பு இன்சூரன்ஸுக்கு ஒரு மாதிரிச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு விரிவான மாதிரி விதிகள் வந்தன. அடுத்தடுத்த திருத்தங்களில் நான் மேலே சொன்ன அநியாயங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

15/
முக்கியமானவை மட்டும்:

• முன்னதாக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கணும் என்ற நிபந்தனை கூடாது.
• அல்சைமரைக் காட்டி விலக்கக் கூடாது.
• வயசாச்சு, உடம்பு கெட்டுப்போச்சு என்று பாலிசியைப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது.
• வாங்கிய 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கலாம்.
• 2 வருஷம் தாண்டிவிட்டால், வாடிக்கையாளர் தெரிந்தே வேண்டுமென்றே உடல்நிலையை மறைத்தார் என்று காட்டினால்தான் ரத்து செய்யலாம்.
• விலைவாசிக்கு ஏற்பத் தொகை உயரும் வசதியைக் கம்பெனி கட்டாயம் முன்வைக்கணும்.

16/
கடைசிப் பாயின்ட் சின்னதாகத் தெரியும். கணக்குப் போடுங்க. 60 வயதில் 'ஒரு நாளைக்கு 100 டாலர்' பாலிசி எடுக்கிறார். பராமரிப்புச் செலவு வருஷம் 5% ஏறினால் 14 வருஷத்தில் இரண்டு மடங்கு, 28 வருஷத்தில் நான்கு மடங்கு. 88 வயதில் அவருக்கு நாளைக்கு 400 டாலர் தேவை, பாலிசி 100 தரும். முழுசாகப் பணம் கட்டியும் கால்வாசிதான் கிடைக்கும்.

17/
இந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பெரிதாக யாரும் பேச மாட்டார்கள்.

மறதி நோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று பில் கட்ட மறப்பது. 20 வருஷம் ஒழுங்காக ப்ரீமியம் கட்டிய பாட்டி, நோய் தொடங்கும் நேரத்தில் ஒரு தவணையை மறக்கிறார். கம்பெனியின் நோட்டீஸ் வருகிறது, பிரிக்காமலே மேஜையில் கிடக்கிறது. பாலிசி காலாவதி. எந்த நோய்க்காகப் பாலிசி எடுத்தாரோ, அந்த நோயே பாலிசியைத் தின்றுவிட்டது.

18/
இதற்கு விதி வந்தது. பாலிசி எடுக்கும்போதே இன்னொருவர் பெயரையும் கொடுக்கச் சொல்லிக் கேட்கணும். ப்ரீமியம் வரவில்லை என்றால், ரத்து செய்வதற்கு குறைந்தது 30 நாள் முன்பு அவருக்கும் தகவல் போகணும். அதையும் மீறிக் காலாவதியானால், அந்தச் சமயத்தில் அவருக்கு மறதி நோயோ உடல் இயலாமையோ இருந்ததென்று நிரூபித்து, 5 மாதத்துக்குள் பாக்கியைக் கட்டிப் பாலிசியை மீட்கலாம்.

இந்த விதியை எழுதியவர்களில் யாரோ ஒருவர் தன் அம்மாவையோ அப்பாவையோ அருகிலிருந்து பார்த்திருக்கணும் என்று எனக்குத் தோன்றும்.

19/
அடுத்த பெரிய கேள்வி. ஆஸ்பத்திரி நிபந்தனை போய்விட்டது. அப்போ 'இவருக்குப் பராமரிப்பு தேவை' என்று எதை வைத்து முடிவு செய்வது? வலியை அளக்க முடியாது, வயதை மட்டும் வைத்தும் சொல்ல முடியாது. 80 வயதில் ஏர் உழுகிறவரும் உண்டு, 60 இல் படுத்துவிட்டவரும் உண்டு.

பதில் இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து வரவில்லை. ஓஹையோ மாநிலம் கிளீவ்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது.

20/
டாக்டர் சிட்னி காட்ஸ். பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனையில் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைக் கவனித்து வந்தார். ஒன்றைக் கண்டார்: அவர்கள் திரும்பப் பெறும் திறமைகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தானாகச் சாப்பிடுவதும், மலம் சிறுநீர் அடக்குவதும். பிறகு கட்டிலிலிருந்து எழுந்து உட்காருவதும், கழிப்பறை போவதும். கடைசியில் உடுத்துவதும் குளிப்பதும். குழந்தை வளரும் வரிசையும் கிட்டத்தட்ட இதுதான். முதுமையில் இழக்கும்போது இதே வரிசை தலைகீழ். 1963 இல் இந்த 6 செயல்களை வைத்து ஓர் அளவுகோலை வெளியிட்டார். உலகம் முழுக்க முதியோர் மருத்துவத்தில் இன்றும் பயன்படுத்துகிறோம்.

21/
சிகிச்சைக்காகப் பிறந்த அந்த அளவுகோல் 1996 இல் அமெரிக்க மத்தியச் சட்டத்தில் ஏறியது. ஹிப்பா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் சட்டமாகத்தான் நமக்குத் தெரியும். அதே சட்டத்தில் நீண்டகாலப் பராமரிப்பு பாலிசிக்கு வரிச்சலுகையும், அதற்கான நிபந்தனைகளும் உண்டு. இந்த 6 இல் குறைந்தது 2 செயல்களை ஆள் துணையில்லாமல் செய்ய முடியாத நிலை, அதுவும் 90 நாளாவது நீடிக்கும் என்று மருத்துவரோ நர்ஸோ சான்று தரணும். அல்லது கண்காணிப்பு தேவைப்படும் அளவுக்குக் கடுமையான மறதி நோய் இருக்கணும்.

22/
விதி தெளிவானது நல்லது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒரு குடும்பத்தின் காசு. 'உதவி' என்றால் கையால் பிடித்துத் தூக்குவதா? இல்லை, விழுந்துவிடுவாரோ என்று பக்கத்தில் நிற்பதும் உதவியா? பார்க்கின்சன் நோயாளி காலையில் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் தானே சட்டை போடுவார், சாயங்காலம் முடியாது. மதிப்பீட்டுக்கு வந்த ஆள் காலையில் வந்தால்? எல்லாவற்றுக்கும் "முடியுங்க, முடியுங்க" என்று மானத்துக்காகச் சொல்லும் தாத்தா என்றால்?

நானும் இப்படிப்பட்ட படிவங்களை நிரப்பியிருக்கிறேன். 'முடியும் / முடியாது' என்று ரெண்டே கட்டம் இருக்கும். மனித உடம்பு அந்த ரெண்டு கட்டத்துக்குள் அடங்காது. பணம் தர மறுத்த புகார்கள் பெருகி, 2009 இல் மாதிரி விதிகளில் வெளியாள் மறுபரிசீலனை சேர்க்கப்பட்டது. கம்பெனி 'தகுதியில்லை' என்றால் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத நிபுணர் பார்க்கணும்.

23/
இதுவரை நல்லாத்தான் போச்சு. ஆனால் எல்லாரும் பாலிசியின் வாசகத்தையே காவல் காத்துக்கொண்டிருந்தபோது, ஆபத்து விலையில் வளர்ந்தது.

'புதுப்பிப்பு உறுதி' என்று பாலிசியில் இருக்கும். மக்கள் என்ன புரிந்துகொண்டார்கள்? ப்ரீமியம் ஏறாது என்று. உண்மையில் அர்த்தம்: உங்களை மட்டும் தனியாக ஏற்றக் கூடாது. அதே வகை பாலிசி வைத்திருக்கும் எல்லாருக்கும் சேர்த்து, மாநிலத்தின் ஒப்புதலோடு ஏற்றலாம்.

24/
ஏற்ற வேண்டிய நிலை ஏன் வந்தது? கணக்குப் போட்டவர்கள் மக்களைத் தப்பாக எடைபோட்டார்கள். ஆயுள் காப்பீட்டில் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அவர்கள் கட்டிய பணம் கம்பெனிக்கு லாபம். இதிலும் வருஷம் 5% பேராவது விட்டுவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டு விலை போட்டார்கள். நடந்தது? சுமார் 1% பேர்தான் விட்டார்கள்.

இறப்பை ஒதுக்கிவிட்டு ஒரு கணக்கு: 1,000 பேர் சேர்ந்தால் 20 வருஷம் கழித்து 5% கணக்கில் மிஞ்சுவது சுமார் 360 பேர். 1% கணக்கில் சுமார் 820 பேர். இரண்டு மடங்குக்கும் மேல்! சோறு 360 பேருக்கு வடித்தாகிவிட்டது, பந்தியில் 820 பேர்.

25/
அதோடு, மக்கள் எதிர்பார்த்ததைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள். மறதி நோயோடு வருஷக்கணக்கில் வாழ்ந்தார்கள். கம்பெனிகள் முதலீட்டில் எதிர்பார்த்த வட்டியும் விழுந்தது, 2008 க்குப் பிறகு அதலபாதாளம். மூன்று கணிப்பும் ஒரே பக்கம் சாய்ந்தன.

26/
கண்காணிப்பாளர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அவர்களின் பழைய பயம் 'கம்பெனி அதிக விலை வைத்து ஏமாற்றும்' என்பது. அதனால் வசூலில் குறைந்தது 60% வாடிக்கையாளருக்குத் திரும்பணும் என்று விதி வைத்தார்கள். ஆனால் இங்கே வியாதி வேறு: விலை ரொம்பக் குறைவு. அந்த விதி குறைந்த விலையைத் தடுக்கவே இல்லை. பின்னால் விலையை ஏற்றும்போதும், ஏற்றிய தொகையிலிருந்து கம்பெனி தன் செலவையும் லாபத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஆக, முதலில் மலிவாக விற்று ஆளைப் பிடி, பிறகு ஏற்று. காய்ச்சலுக்கு பயந்து தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம், நோயாளிக்கு உடம்பு சில்லிட்டுக்கொண்டிருந்தது.

27/
2000 இல் மாதிரி விதியை மாற்றினார்கள். புது பாலிசிக்கு 60% விதி போச்சு. அதற்குப் பதில், நிலைமை ஓரளவு மோசமானாலும் இந்த விலை தாங்கும் என்று கணக்கு நிபுணர் கையெழுத்துப் போடணும். பின்னால் ஏற்றினால், பழைய ப்ரீமியத்தில் 58 சதவீதமும் ஏற்றிய பகுதியில் 85 சதவீதமும் வாடிக்கையாளருக்குப் போகணும். அதாவது, விலை ஏற்றுவதில் லாபம் பார்க்க முடியாது. ஒரு அளவுக்கு மேல் ஏறி, இனிக் கட்ட முடியாது என்று நிறுத்துகிறவருக்கும், அதுவரை கட்டிய தொகை அளவுக்காவது பாதுகாப்பு மிஞ்சணும்.

நல்ல மருந்து. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் ஏற்றுக்கொண்ட பிறகு விற்ற பாலிசிகளுக்குத்தான். அதற்கு முன் விற்றவையெல்லாம் பழைய வியாதியோடு அப்படியே இருந்தன.

28/
விளைவைப் பாருங்க. பென்சில்வேனியாவில் பென் ட்ரீட்டி என்ற நிறுவனம் இந்த இன்சூரன்ஸையே முக்கியத் தொழிலாகச் செய்தது. 2009 ஜனவரியில் மாநில ஆணையர் அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தார். அதே வருஷம் 'காப்பாற்ற முடியாது, கலைக்கணும்' என்று நீதிமன்றம் போனார். 2012 இல் நீதிமன்றம் மறுத்தது. கடைசியில் 2017 மார்ச் 1 அன்றுதான் கலைக்க உத்தரவு. அப்போது சுமார் 76,000 பாலிசிதாரர்கள். பெரும்பாலும் வயதானவர்கள், வேறு பாலிசி வாங்க உடல்நிலை இடம் கொடுக்காதவர்கள். மாநில உத்தரவாத நிதி அமைப்புகள் கைகொடுத்தன. ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. பல மாநிலங்களில் 3 லட்சம் டாலர்.

29/
சின்னக் கம்பெனிதானே என்று நினைக்க வேண்டாம். 2018 ஜனவரியில் ஜெனரல் எலெக்ட்ரிக், பல்பும் விமான எஞ்ஜினும் செய்த அதே ஜி.இ., பழைய பராமரிப்பு பாலிசிகளுக்காக 7 வருஷத்தில் 1,500 கோடி டாலர் ஒதுக்கணும் என்று அறிவித்தது. பங்குச்சந்தையே அதிர்ந்தது. ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் விற்ற இந்தப் பாலிசியை இன்று தனியாக விற்பவை பத்துப் பன்னிரண்டுதான்.

30/
நடுவில் மாட்டியது யார்? 55 வயதில் வாங்கி, 25 வருஷம் கட்டி, 80 வயதில் 'ப்ரீமியம் உயர்கிறது' என்று கடிதம் வாங்கியவர். கட்டினால் ஓய்வூதியம் காலி. நிறுத்தினால் தேவைப்படப் போகும் நேரத்தில் பாதுகாப்பு காலி. இல்லையென்றால் பலன்களைக் குறைத்துக்கொள்ளணும்.

மாநில ஆணையருக்கும் தர்மசங்கடம். ஏற்ற அனுமதித்தால் பாட்டிகள் அழுகிறார்கள். மறுத்தால் கம்பெனி திவாலாகி எல்லாப் பாட்டிகளும் அழுவார்கள். ஒரு மாநிலம் அனுமதித்தது, பக்கத்து மாநிலம் மறுத்தது. ஒரே பாலிசிக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு விலை. இதைச் சரிசெய்யச் சங்கம் 2019 இல் தனிக் குழு போட்டது.

31/
வேறு வழிகளும் முயன்றார்கள். 1990களில் கனெக்டிகட், நியூயார்க், இந்தியானா, கலிஃபோர்னியா நான்கும் ஒரு கூட்டுத் திட்டம் கொண்டுவந்தன: பாலிசி எத்தனை டாலர் கொடுத்ததோ அத்தனை டாலர் சொத்தை நீங்கள் வைத்துக்கொண்டே மெடிக்கெய்டு வாங்கலாம் (நியூயார்க்கில் இன்னும் தாராளம்). 2010 இல் ஒபாமாவின் சுகாதாரச் சட்டத்தில் செனட்டர் எட்வர்ட் கென்னடி விரும்பிய தேசியப் பராமரிப்புத் திட்டம் சேர்ந்தது. விருப்பமுள்ளவர் சேரலாம் என்பதால், தேவைப்படுபவர் மட்டும் சேர்ந்தால் கணக்குத் தாங்காது என்று 2011 இல் கைவிட்டார்கள். 2013 இல் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

32/
வாஷிங்டன் மாநிலம் மட்டும் வேறு பாதை. 2019 சட்டப்படி, 2023 ஜூலையிலிருந்து ஊழியர் சம்பளத்தில் 0.58% பிடிக்கிறார்கள். தகுதி பெற்றவருக்கு வாழ்நாளில் 36,500 டாலர் பலன், விலைவாசிக்கேற்ப உயரும். 'விருப்பமிருந்தால் கட்டலாம்' என்று மாற்ற 2024 நவம்பரில் வாக்கெடுப்பு வந்தது. மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். தொகை சின்னதுதான். நர்சிங் ஹோமில் ஒரு வருஷம் இருந்தாலே ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். ஆனால் எல்லாரும் சேர்ந்து சுமப்பது என்ற தத்துவம் வேர்விட்டிருக்கு. ஜெர்மனி 1995 இலும் ஜப்பான் 2000 இலும் எடுத்த வழி அது. ஜப்பானில் 40 வயதிலிருந்து எல்லாரும் கட்டணும்.

33/
இந்த இழையைப் படிக்கும் அமெரிக்கத் தமிழர்கள் நிறையப் பேர் இப்போது 50களில் இருப்பீர்கள். பாலிசி வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்க:

• எந்த நிலையில் பணம் தருவார்கள்? 'உதவி' என்பதற்கு என்ன விளக்கம் எழுதியிருக்கு?
• முதலில் எத்தனை நாள் கைக்காசு போடணும்?
• தொகை விலைவாசியோடு ஏறுமா?
• இதே பாலிசிக்குக் கம்பெனி இதுவரை எத்தனை முறை விலை ஏற்றியிருக்கு?
• ப்ரீமியம் தவறினால் தகவல் போக வேண்டிய இன்னொருவர் பெயர் கொடுத்திருக்கீங்களா? இல்லையென்றால் இன்றைக்கே கொடுங்க. பிள்ளைகளிடம் பாலிசி இருக்கும் இடத்தையும் சொல்லிவையுங்க.

34/
நம்ம நாட்டுக்கு வருவோம். நம் இன்சூரன்ஸ் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றித்தான். 2024 அக்டோபரிலிருந்து 70 வயதானவர்களுக்கு வந்த ஆயுஷ்மான் பாரத் 5 லட்சமும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கே. பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்கணும் என்று 2007 சட்டம் சொல்கிறது, அந்தப் பிள்ளைக்கு யார் துணை என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோவும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டு வாசலுக்கு வருவது பெரிய விஷயம். ஆனால் தினசரி குளிப்பாட்டி, புரட்டிப்போட்டு, ஊட்டிவிடும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில், சம்பளமில்லாமல்.

35/
நாளைக்கு இங்கேயும் இந்தப் பாலிசிகள் பரவலாக வரும். வரும்போது அமெரிக்கா 1986 இலிருந்து அடி வாங்கிக் கற்றதை நாம் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளலாம். வாங்குகிற அன்று வாடிக்கையாளர் தெம்பாக இருக்கிறார், எதிர்க்கேள்வி கேட்கிறார். பணம் கேட்கிற அன்று அவருக்குத் தன் பெயரே நினைவிருக்காது. நடுவில் 25, 30 வருஷம். அவ்வளவு காலம் அவர் சார்பில் விழித்திருக்க அரசு ஒன்றால்தான் முடியும்.

36/
அந்தப் பெரியவரின் மகன் போன வாரம் ரிவ்யூவுக்கு வந்தார். பகலுக்கு ஓர் ஆள் போட்டிருக்கிறார். ராத்திரி அவரும் மனைவியும் மாறி மாறி முழிக்கிறார்களாம். அப்பா இப்போது இடது கையால் தானே இட்லி சாப்பிடுகிறார். காட்ஸ் சொன்ன வரிசையில் முதல் படி. "அடுத்தது எழுந்து உட்காருவார், பாருங்க" என்றேன்.

செலவு பற்றி அவர் இந்த முறை கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது. உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்க. எல்லாவற்றையும் படிப்பேன்.